விபத்து நஷ்டஈடு: நிர்ணயத் தொகையா, தீர்ப்பாயமா, லோக் அதாலத்தா?

சாலை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "கேஸெல்லாம் எதுக்குண்ணே, பில்லை நாங்க கட்டிடறோம்" என்பது வண்டிக்காரர் தரப்பு. சட்டத்திலேயே ஒரு நிர்ணயத் தொகை இருக்கிறது, ஒப்புக்கொண்டால் சீக்கிரம் கைக்கு வரும் என்பார் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள். வக்கீல், மோட்டார் விபத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி., அதாவது நஷ்டஈட்டு மனு, போட்டால் பல மடங்கு வாங்கலாம் என்பார். கோர்ட்டுக்கு அலைந்து சலித்த சித்தப்பா ஒருவர், "லோக் அதாலத்துல முடிச்சுக்கோப்பா" என்பார்.

நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் விரல் எலும்பு விரிசல் விட்டவருக்கும் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவருக்கும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள், அதுதான் சிக்கல். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, காயம் ஆறி ஆள் பழைய வேலைக்குத் திரும்புவாரா என்பதை. பதில் தெரியாதவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

ஸ்டேஷன் வாசல் சமரசம்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். சிராய்ப்பும் வண்டி டேமேஜும் மட்டும் என்றால் சரி. எலும்பில் அடி என்றால் வேண்டவே வேண்டாம். எஃப்.ஐ.ஆர். இல்லாமலோ மிகவும் தாமதமாகப் பதிந்தோ தீர்ப்பாயத்துக்குப் போனால், "இந்த வண்டிதான் இடித்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றுதான் எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே போடப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலில், வக்கீல்கள் ஏ.ஆர். காப்பி என்பார்களே அதில், "பைக்கில் இருந்து தானாக விழுந்தார்" என்று யாராவது சொல்லி எழுதிவிட்டால் பின்னால் அதை மாற்றுவது பெரும்பாடு. தவிர, 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று வரம்பு வந்திருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதை நம்பி யாரும் காலம் கடத்த வேண்டாம். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனால் லாபம் எதிர்த்தரப்புக்குத்தான்.

இரண்டரை லட்சமா, வழக்கா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆவது பிரிவில், யார் மீது தப்பு என்று நிரூபிக்காமலேயே வாங்கக்கூடிய நிர்ணயத் தொகை இருக்கிறது. மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். 166ஆவது பிரிவில் அப்படித் தொகை எதுவும் இல்லை. ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபித்து, இழப்பை ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டி, தீர்ப்பாயம் நியாயம் என்று கருதும் தொகையைப் பெறலாம்.

164 என்றாலே ஏமாற்று வேலை என்று பலர் ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். அது சரியில்லை. சட்டத்தின் கண்ணில் எலும்பு முறிவே கொடுங்காயம்தான், பல் உடைந்தாலும் அப்படித்தான். மணிக்கட்டில் சின்ன முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு, அப்புறம் பழையபடி வேலை என்று முடிந்துபோகும் காயத்துக்கு 166இல் போய் நின்றால் மருத்துவச் செலவு, விடுப்பில் போன சம்பளம், வலி வேதனைக்கு ஒரு தொகை என்று எல்லாம் கூட்டினாலும் இரண்டரை லட்சத்தை எட்டாமல் போகலாம். தப்பு தன் மேலும் பாதி இருக்கிறது என்று தெரிந்தவருக்கும் 164 நல்ல புகலிடம். 166இல் அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

நிரந்தர ஊனம் என்றால் கதையே வேறு. 149ஆவது பிரிவின்படி விபத்துத் தகவல் கிடைத்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி ஓர் அதிகாரியை நியமித்து, 30 நாளுக்குள் ஒரு தொகையை முன்வைக்கலாம். அந்த நடைமுறையில் 164 தொகையை ஏற்றுக்கொண்டால், 166இல் போட்ட மனு காலாவதியாகிவிடும். முப்பதாம் நாள் என்பது கம்பி வைத்த கால் சேருமா சேராதா என்று டாக்டருக்கே தெரியாத நேரம். கையில் காசில்லாத குடும்பத்துக்கு அந்த இரண்டரை லட்சம் அப்போது மலையாகத் தெரியும். இந்த ஒரு கையெழுத்தால் எவ்வளவு போகும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

தீர்ப்பாயத்துக்குள்ளேயே இரண்டு கணக்கு

வழக்குப் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஊனத்துக்கான இழப்பைக் கணக்கிட இரண்டு முறைகள் புழங்குகின்றன. ஒன்று சதவீதக் கணக்கு: ஊனம் எத்தனை சதவீதமோ, ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிவிடுவது. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் இது வெகு சகஜம். இன்னொன்று பெருக்கல் காரணி முறை: மாத வருமானத்தில் எவ்வளவு போயிற்று என்று பார்த்து, வயதுக்குரிய காரணியால் பெருக்குவது.

34 வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 18,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. வலது தோள் முன்போல் தூக்க வரவில்லை. வேலைத்திறனில் 30 சதவீதம் போயிற்று என்று வைப்போம்.

சதவீதக் கணக்கில், ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று கொண்டால், 30 சதவீதத்துக்கு ஒன்றரை லட்சம்.

காரணி முறையில் எதிர்கால வருமான உயர்வையும் சேர்க்க வேண்டும். சொந்தத் தொழில் செய்பவருக்கு, 40 வயதுக்குள் என்றால் 40 சதவீதம் என்று 2017இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வகுத்தது. அது உயிரிழப்பு வழக்கில் வந்த தீர்ப்பு. நிரந்தர ஊனத்துக்கும் இந்த உயர்வு உண்டு என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக 18,000 என்பது 25,200 ஆகிறது. ஆண்டுக்கு 3,02,400. காரணிகளுக்கு 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் வந்த அட்டவணைதான் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. அதில் 31 முதல் 35 வயதுக்கு 16. பெருக்கினால் 48,38,400. இதில் 30 சதவீதம் 14,51,520 ரூபாய்.

அதே ஆள், அதே தோள். ஒன்றரை லட்சத்துக்கும் பதினாலரை லட்சத்துக்கும் உள்ள தூரம் கணக்கு முறையால் மட்டும் வந்தது. வலி வேதனை, மருத்துவச் செலவு, உடனிருந்து பார்த்தவருக்கான செலவு, சத்துணவு, போக்குவரத்து, வாழ்க்கை வசதி இழப்பு எல்லாம் இரண்டிலும் தனியாக வரும்.

காரணி முறை எல்லோருக்கும் கிடைக்காது. ஊனம் சம்பாத்தியத்தைத் தொட்டிருக்க வேண்டும். 2010இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பில் இதற்கு அருமையான விளக்கம் இருக்கிறது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் முழுதாகவே போயிற்று என்று கொள்ளலாம். அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை தொடரும், அவ்வளவு இழப்பு இல்லை. மருத்துவக் குழு தரும் சதவீதம் உடம்பைப் பற்றியது, நீதிமன்றம் தேட வேண்டியது தொழிலைப் பற்றிய சதவீதம். ஒரு காலுக்கு 45 சதவீதம் என்று சான்றிதழ் வந்தால் அது முழு உடம்புக்கும் 45 ஆகாது. அதே நேரம் தொழிலைப் பொறுத்து அதற்கு மேலேயும் போகலாம்.

கர்நாடகத்தில் 2008இல் நடந்த விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கு இதற்குச் சரியான உதாரணம். கால் போனாலும் காய்கறி விற்கலாமே என்ற வாதத்தை 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சந்தைக்கும் தெருவுக்கும் அலைந்தால்தானே அந்தத் தொழில்? இழப்பை 85 சதவீதமாக எடுத்துக்கொண்டது. வருமானத்துக்கு ரசீது எங்கே என்றும் கேட்கவில்லை, மாதம் 6,500 ரூபாய் என்று தானே நிர்ணயித்தது. அன்றாடம் காய்ச்சிகளுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய பலம்.

அதற்காக ஆதாரமே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. மேஸ்திரியின் சாட்சியம், நலவாரிய அட்டை, பேங்க் பாஸ்புக், ஜி.பே.யில் வந்த கூலி எல்லாமே உதவும். சிகிச்சை தந்த டாக்டரோ மருத்துவக் குழுவோ, "இவரால் இனி சாரம் ஏற முடியாது" என்று தொழிலோடு சேர்த்துச் சொல்வது சதவீதத்தை விட முக்கியம். வக்கீலைப் பிடிக்கும்போது ஃபீஸ் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த முறையில் கணக்குக் கேட்கப் போகிறீர்கள் என்று கேட்பவர் குறைவு.

லோக் அதாலத்தில் எவ்வளவு விட்டுக் கொடுக்கலாம்?

லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் நீதிபதியின் முன்னால் கம்பெனி அதிகாரியும் நீங்களும் பேரம் பேசுகிறீர்கள். படிந்தால் அன்றே உத்தரவு. அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. இந்த அப்பீல் இல்லாமைதான் அதன் பலமும் பலவீனமும். தீர்ப்பாயத்தில் ஜெயித்தாலும் கம்பெனி 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், அங்கே இன்னும் சில ஆண்டுகள் ஓடும். லோக் அதாலத்தில் அந்தக் கவலை இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து இடுப்பு மாற்று ஆபரேஷன் தேவை என்று தெரிய வந்தால், திரும்பிப் போய்க் கேட்க வழியும் இல்லை.

விட்டுக் கொடுக்கும் தொகையைப் பற்றிப் பேசும்போது பலரும் தப்பான கணக்குப் போடுகிறார்கள். தீர்ப்பாயத்தில் 10 லட்சம் கிடைக்கும், மூன்று ஆண்டு ஆகும், 7.5 சதவீத வட்டி என்று வைத்தால் மொத்தம் 12.25 லட்சம். லோக் அதாலத்தில் வட்டியோடு சேர்த்தே எட்டரை லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். மூன்றே முக்கால் லட்சம் நஷ்டம் மாதிரித் தெரிகிறது.

வைத்தியத்துக்காக அந்தக் குடும்பம் 3 லட்சம் கடன் வாங்கியிருக்கிறதா, அதுவும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டியில்? மாதம் 6,000, மூன்று ஆண்டுக்கு 2.16 லட்சம். கோர்ட் தரும் வட்டி 2.25 லட்சத்தைக் கந்துவட்டிக்காரர் கிட்டத்தட்ட முழுசாகக் கொண்டுபோய்விடுவார். அப்பீல் வந்தால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு எட்டரை லட்சம் மோசமான பேரம் இல்லை. கடன் இல்லாமல், அரசு ஆஸ்பத்திரியிலோ காப்பீட்டுத் திட்டத்திலோ வைத்தியம் முடித்தவருக்கு அவசரம் எதற்கு? அவர் பொறுத்திருக்கலாம்.

ஒரு நிபந்தனை மட்டும் இருவருக்கும் பொது. சிகிச்சை முடிந்து, ஊனச் சான்று கைக்கு வந்து, மேலே சொன்ன காரணிக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த மேசைக்குப் போக வேண்டும். தன் எண் தெரியாமல் போனால் கம்பெனி சொல்லும் எண்தான் பேச்சின் தொடக்கம். பேரம் அதைச் சுற்றியே நடக்கும்.

எதிரில் யார்?

பாலிசி உள்ள வண்டி என்றால் தீர்ப்புக்குப் பின் பணம் வருவதில் பெரிய கஷ்டம் இருக்காது. ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை என்றாலும், பல வழக்குகளில் கம்பெனி முதலில் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. வண்டிக்கு வெளியே உள்ளவர்களின் இழப்பை மட்டும் ஏற்கும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டுமே உள்ள பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து, அந்த பைக்கே கவிழ்ந்து அடிபட்டவர் பாடுதான் திண்டாட்டம். வண்டியில் வருபவருக்கும் சேர்த்து எடுத்த பேக்கேஜ் பாலிசியா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

அரசுப் பேருந்து வேறு ரகம். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தங்களுக்கென ஒரு நிதி வைத்துக்கொண்டு காப்பீட்டில் இருந்து விலக்குப் பெறச் சட்டம் இடம் தருகிறது. அங்கே கழகமே கட்ட வேண்டும். தீர்ப்பு வந்தும் கட்டாமல், நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் அமீனா வந்து பஸ் ஸ்டாண்டில் பயணிகளை இறக்கிவிட்டுப் பேருந்தை ஜப்தி செய்தார் என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! கழகத்தோடு லோக் அதாலத்தில் சமரசம் செய்தால், தொகையைப் போலவே எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் என்ன வட்டி என்பதையும் உத்தரவில் எழுத வைக்க வேண்டும். அதற்காகத் தொகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் தப்பில்லை என்பேன்.

இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை. 161ஆவது பிரிவின்படி மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. மனு கொடுக்க வேண்டியது வருவாய்த் துறை அதிகாரியிடம். பின்னால் வண்டி கண்டுபிடிக்கப்பட்டு வழக்கில் நஷ்டஈடு கிடைத்தால், இந்தத் தொகையை அதில் கழித்துக்கொள்வார்கள்.

அடிபட்டவர் லாரி ஓட்டுநராகவோ கிளீனராகவோ வேலையில் இருந்தவர் என்றால் தொழிலாளர் இழப்பீடு என்ற வழியும் திறந்திருக்கும். அங்கே தப்பு யார் மேல் என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. தன் தப்பால் வண்டி கவிழ்ந்த ஓட்டுநர் 166இல் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும், இங்கே அவருக்கும் கிடைக்கும். ஆனால் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால், தப்பு அடுத்த வண்டி மேல் என்று தெளிவாக இருந்தால் தீர்ப்பாயமே மேல். இரண்டிலும் கேட்க முடியாது. 167ஆவது பிரிவு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.