வெள்ளவத்தையில தமிழில செய்யுற ட்ரோமா தெரபி: போய்ப் பாத்த அனுபவம்

கதைச்சுக் கதைச்சே களைச்சுப் போனன், ஆனா உடம்புல இருக்கிற பயம் அப்பிடியே தான் இருக்கு எண்டு சொல்லுற ஆக்களுக்கும், கொழும்பில ட்ரோமாவுக்கு, அதாவது பழைய அதிர்ச்சியால மனசிலயும் உடம்பிலயும் நிண்ட காயத்துக்கு, தமிழிலயே தெரபி செய்யுற ஒராளத் தேடிக்கொண்டிருக்கிற ஆக்களுக்கும் இந்த இடத்த நான் முழு மனசோட சொல்லுவன். ஐஞ்சுக்கு நாலு ஸ்டார். ஏன் ஒண்டக் குறைச்சனான் எண்டு கீழ சொல்லுறன். இடத்துட பேர் இதில போடேல்ல. வெள்ளவத்தை எங்களுக்குத் தெரிஞ்சது தானே, ஆர் எந்தப் படியில ஏறினாலும் அண்டைக்குப் பின்னேரமே நாலு வீட்டுக்குத் தெரிஞ்சிடும், அங்க வந்து போற மற்ற ஆக்கள நினைச்சுத் தான் போடாம விட்டனான். தேவைப்படுற ஆக்கள் இன்பொக்ஸ்ல கேளுங்கோ.

காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குற ஒழுங்கை ஒண்டில, ஒரு வீட்டுட மேல்மாடி. ரெண்டு அறை தான். எனக்கு முதலாவதா பிடிச்ச விசயம், ஒராள் போய்க் கால் மணித்தியாலத்துக்குப் பிறகு தான் அடுத்த ஆள வரச் சொல்லுவினம், அதால வெளியில வரேக்க அழுத கண்ணோட தெரிஞ்ச ஆன்ட்டி ஒராள்ட முகத்தில முழிக்கத் தேவையில்ல. உள்ள ஒரு பாய், ரெண்டு மூண்டு தலகணி, ரெண்டு கதிரை. எங்க இருக்க விருப்பம் எண்டு தெரபி செய்யுற மிஸ் கேட்டவ. நான் கதவப் பாத்த மாதிரி இருக்கிற கதிரைய எடுத்தன், அவ ஒண்டும் சொல்லாம தன்ட கதிரைய எனக்கும் கதவுக்கும் நடுவில வராத மாதிரி அரக்கி வச்சவ. கதவு மறைபட்டா எனக்கு மூச்சு முட்டும் எண்டு நான் அப்ப அவவுக்குச் சொல்லவே இல்ல.

என்ட கதைய நீட்டேல்ல. 95ல யாழ்ப்பாணத்தில இருந்து சனம் எல்லாம் வெளிக்கிட்ட இடப்பெயர்வில எனக்கு ஏழு வயசு. பிறகு கிளிநொச்சி, அங்கயிருந்து மல்லாவி, குண்டு போடுற கிபிர் விமானச் சத்தம், பங்கர், 2002ல யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 பாதை திறந்தாப் பிறகு தான் கொழும்பு. இதெல்லாம் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இருக்கிறது தானே எண்டு தான் இவ்வளவு காலமும் இருந்தனான். ஆனா ஒஃபிஸில ஆராவது குரல உயர்த்தினா கை ரெண்டும் ஐஸ் மாதிரி ஆகும், வயிறு இறுகும், இரவில பல்லக் கடிச்சு கடிச்சு காலமயில தாடை நோகும். ஈசிஜி எடுத்தாச்சு, எண்டொஸ்கொப்பி பண்ணியாச்சு, எல்லாம் நோர்மல், கேஸ்ட்ரிக் எண்டு குளிச தந்து அனுப்பினவை.

உண்மையில எனக்குள்ள பெரிசா நிண்டது கிபிர் இல்ல, அப்பா. குடிச்சுப்போட்டு வரேக்க படலையத் திறக்கிற சத்தத்திலயே எங்களுக்கு விளங்கிடும் இண்டைக்கு பெல்ட் வெளியில வருமா இல்லயா எண்டு. சண்டையப் பற்றி எண்டா எங்கட சனம் விடிய விடியக் கதைக்கும், வீட்டுக்குள்ள நடந்ததப் பற்றி ஒரு வசனம் வராது. இதப் பற்றி மிஸ் ஒரு ஆய்வு சொன்னவ, நானும் பிறகு தேடி வாசிச்சனான். வடக்கு கிழக்கில 296 தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளையளிட்ட கேட்டுச் செய்தது, 2008ல வந்தது. அதில 82.4 வீதம் பிள்ளையள் ஏதோ ஒரு யுத்த அனுபவத்த நேரில கண்டிருக்கினம், ஆனா வீட்டுக்குள்ள அடி, ஏச்சு, வன்முறை எண்டு ஏதாவது ஒண்டாவது அனுபவிச்சது 95.6 வீதம். வீட்டில அடி கூடுறதோட சேர்ந்து வந்த காரணங்கள் ரெண்டு, ஒண்டு தகப்பன்ட குடி, மற்றது யுத்தத்தில பட்டது. அத வாசிச்ச அண்டைக்கு நான் பஸ்ஸில ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தனான், ஏன் எண்டா எங்கட வீட்டில மட்டும் தான் இப்பிடி எண்டு அவ்வளவு வருசமும் நினைச்சிருக்கிறன்.

சரி, தெரபிக்கு வாறன். இது நடந்தத முதல்ல இருந்து சொல்லுங்கோ எண்டு கேட்டு ஆரம்பிக்கிற விதம் இல்ல. அமெரிக்காவில பீட்டர் லெவின் எண்டவர் 1970கள்ல இருந்து வளர்த்தெடுத்த சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் எண்ட முறைய அடியா வச்சு, அதோட மைண்ட்ஃபுல்னஸ் எண்ட, இந்த நேரத்தில நடக்கிறத அப்பிடியே கவனிக்கிற பயிற்சியையும் சேர்த்து மிஸ் செய்யுறா. ஆபத்து வரேக்க உடம்பு சண்டை பிடிக்க இல்லாட்டி ஓடத் தயாராகும், ரெண்டும் ஏலாட்டி உறைஞ்சு போகும். சின்னப் பிள்ளைக்கு அப்பாவோட சண்டை பிடிக்கவும் ஏலாது, வீட்ட விட்டு ஓடவும் ஏலாது, அதால உறையுறது தான் மிச்சம், அந்தத் தயார் நிலை பெரிசா வளர்ந்தாப் பிறகும் முடியாமலே உடம்புல கிடக்கும், அத சின்னச் சின்னத் துண்டா வெளிய வர விடோணும் எண்டது தான் இந்த முறையின்ட அடிப்படை எண்ணம்.

நடைமுறையில எப்பிடி எண்டு ஒண்டு மட்டும் சொல்லுறன். அங்க கடற்கரை ரயில் பாதை கிட்ட. நான் ஏதோ ஒஃபிஸ் விசயம் சொல்லிக்கொண்டிருக்க ரயில் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போனது, நான் கதைய நிப்பாட்டேல்ல, எனக்கு ஒண்டும் தெரியவும் இல்ல. மிஸ் மெல்லமா, "இப்ப உங்கட தோள் ரெண்டும் எங்க நிக்குது, ஒருக்காப் பாருங்கோ" எண்டா. பாத்தா காதுக்குக் கிட்ட நிக்குது. இறக்கச் சொல்லேல்ல. அப்பிடியே இருக்கட்டும், கழுத்த மட்டும் ஆறுதலாத் திருப்பி அறையச் சுத்திப் பாருங்கோ, கண்ணுக்குப் பிடிச்ச ஏதாவது ஒண்டில நிக்கட்டும் எண்டா. எனக்கு ஜன்னல் கட்டில இருந்த மணி பிளான்ட் போத்தில் பிடிச்சது. பாதம் ரெண்டயும் நிலத்தில அமத்தச் சொன்னா, கொஞ்ச நேரத்தில வலது தொடை தன்ட பாட்டில நடுங்கத் தொடங்கிட்டுது, நான் கையால பிடிச்சு நிப்பாட்டப் போக, விருப்பம் எண்டா விட்டுப் பாருங்கோ, வேண்டாம் எண்டா இப்பயே நிப்பாட்டுவம் எண்டவ. விட்டன். ஒரு நிமிசம் இருக்கும். உடனே அதுக்குள்ள என்னத் தள்ளி விடாம, இப்ப உடம்புல எந்த இடம் சும்மா நல்லா இருக்கு எண்டு கேட்டா, உள்ளங்கை சூடா இருந்தது, கனநேரம் அதிலயே இருக்க விட்டவ. கொஞ்சம் கஷ்டம், பிறகு கொஞ்சம் ஆறுதல், திரும்பக் கொஞ்சம் கஷ்டம், இப்பிடித் தான் ஒவ்வொரு முறையும். பெல்ட் கதை என்ட வாயில வர மாதக் கணக்காச்சு, வரேக்க நான் மூச்செடுத்துக்கொண்டு தான் சொன்னனான், அது எனக்குப் பெரிய விசயம்.

சனிக்கிழமையில எட்டுக் கிழமை மைண்ட்ஃபுல்னஸ் குரூப் ஒண்டும் நடத்துறா. இந்த மாதிரி மைண்ட்ஃபுல்னஸ் குரூப் 1979ல ஜோன் கபட்-சின் மசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில தொடங்கினது, வேர் எண்டு பாத்தா எங்கட நாட்டுப் பன்சலையளில, அதாவது புத்த கோயிலுகள்ல, சொல்லிக் குடுக்கிற அதே பௌத்த தியானம் தான். ட்ரோமா இருக்கிற ஆக்களுக்கு கண்ண மூடி மூச்சப் பாருங்கோ எண்டு சொன்னா சில நேரம் நிம்மதி வராது, பழைய படம் தான் ஓடும், எனக்கும் அப்பிடித் தான். இவ கண்ணத் திறந்து வச்சே செய்யலாம், நெஞ்சில கவனம் வைக்க ஏலாட்டி பாதத்தில வைக்கலாம், எழும்பி நடக்கலாம், வெளியில போய்த் தண்ணி குடிச்சிட்டும் வரலாம் எண்டு முதல்லயே சொல்லிடுவா. மூச்ச உள்ள எடுக்கிறத விட வெளிய விடுறத நீட்டச் சொல்லுவா, வெளிய விடேக்க வேகஸ் நரம்பு இதயத் துடிப்பக் குறைக்கும், அதால ரோட்டில நடந்து போகேக்கயும் செய்யலாம். தெரிஞ்ச பிள்ளை ஒண்டு சின்ன வயசுக் காயத்தோட நேரா பத்து நாள் மௌனத் தியானம் ஒண்டுக்குப் போய், அரைவாசியில திரும்பி வந்து கிழமைக் கணக்கா நித்திரை இல்லாமக் கிடந்தது. தியானம் கூடாது எண்டு நான் சொல்லேல்ல, ஆனா பக்கத்தில விளங்கின ஒராள் இல்லாம அவ்வளவு ஆழத்துக்கு இறங்காதீங்கோ.

இது மந்திரம் எண்டும் நினைக்காதீங்கோ. சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் பற்றி 2017ல வந்த ஆய்வு நல்ல பலன் காட்டினது, ஆனா அதில இருந்தது 63 பேர் தான். 2014ல வந்த யோகா ஆய்வு ஒண்டில, மற்ற வைத்தியத்துக்கு அசையாத 64 பொம்பிளையள் இருந்தவை, பத்துக் கிழமை முடிய யோகா செய்த பக்கத்தில 52 வீதமும் யோகா செய்யாத மற்றப் பக்கத்தில 21 வீதமும் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு வாற மன நோய், எண்ட கோட்டுக்கு வெளிய வந்தவை. நம்பிக்கை தருது, ஆனா சின்ன ஆய்வுகள். உலக சுகாதார நிறுவனம் 2013ல பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைச்சது ட்ரோமாவ மையமா வச்ச சிபிடி எண்ட, யோசிக்கிற நடக்கிற விதத்த மாத்துற தெரபியும், கண்ண அங்க இங்க அசைச்சுக்கொண்டு பழைய நினைவக் கையாளுற ஈஎம்டிஆரும். இத மிஸ்ஸே எனக்குச் சொன்னவ, தன்ட முறையோட மட்டும் நிக்கோணும் எண்டு என்னப் பிடிச்சு வைக்கேல்ல, சைக்கியாட்ரிஸ்ட் தந்த குளிசைய நிப்பாட்டக் கூடாது எண்டும் கண்டிப்பாச் சொன்னவ. இந்த நேர்மைக்குத் தான் நான் முதல்ல மார்க்ஸ் குடுப்பன்.

இனிக் குறையள். ஒரு மணித்தியாலத்துக்கு 6,000 ரூபா, மாசச் சம்பளக்காரருக்கு இது லேசான காசில்ல. கஷ்டம் எண்டா குறைப்பினம், ஆனா நீங்களா வாய் திறந்து கேக்கோணும், கேக்க வெக்கப்படுற ஆக்கள் தான் கன பேர், அத ஒரு நோட்டீஸா எழுதி ஒட்டினா என்ன. சனிக்கிழமை குரூப் கூடுதலா சிங்களமும் இங்கிலீஷும், தமிழ் ஆக்கள் சேர்ந்தா மட்டும் தான் தமிழில நடக்கும், வட்ஸ்அப்பில அனுப்புற ஒடியோவும் இங்கிலீஷ். அம்மாட வயசு ஆக்களக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஆசை, ஆனா அந்தப் படியும் அந்த ஒடியோவும் அவைக்குச் சரிவராது. ஆம்பிள தெரபிஸ்ட் ஒராளும் இல்ல, என்ட தம்பி அதாலயே வரமாட்டன் எண்டிட்டான், அவனுக்கு விழுந்த அடி என்னை விடக் கூட.

மாறினது என்ன எண்டு கேட்டா, போன மாசம் மகன் மைலோவ ஹோம்வேர்க் கொப்பிக்கு மேல ஊத்திப்போட்டான். என்ட தாடை இறுகினது எனக்குத் தெரிஞ்சது, கை எழும்புறதுக்கு முதலே தெரிஞ்சது. குசினி நிலத்தில இருந்து பாதத்த அமத்திக்கொண்டு மூச்ச நீட்டி விட்டன், அவன் பேந்த பேந்த முழிச்சுப் பாத்திட்டு துணி எடுத்துக்கொண்டு வந்தான், ரெண்டு பேரும் துடைச்சம். ஒவ்வொரு நாளும் இப்பிடி வருதெண்டு இல்ல. அப்பா இப்பவும் யாழ்ப்பாணத்தில இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையில கோல் எடுப்பார். அவருக்கு என்ன நடந்திருக்கும் எண்டு இப்ப விளங்குது, செய்தது சரி எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்ல, ரெண்டையும் ஒண்டா வச்சிருக்கலாம் எண்டு மிஸ் சொன்னவ.

போக யோசிக்கிற ஆக்கள், இங்க எண்டாலும் வேற இடம் எண்டாலும், எங்க படிச்சனீங்க, உங்களுக்கு மேல பாக்கிற சூப்பர்வைசர் இருக்கிறாரா எண்டு கேளுங்கோ, இவவிட்ட கேட்டா முகம் சுழிக்காமச் சொல்லுவா. உடம்பில கை வைக்கிறதா இருந்தா ஒவ்வொரு முறையும் உங்களிட்ட கேக்கோணும், கேக்காமத் தொட்டா எழும்பி வந்திடுங்கோ. உயிர மாய்க்கிற யோசனை வாற அளவுக்கு நிலைமை மோசம் எண்டா அப்பொயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம், 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்துட லைன், 24 மணித்தியாலமும் இருக்கும். அந்த நிறுவனம் இருக்கிற ஊர் அங்கொடை எண்டோடன பயப்பிடாதீங்கோ, எங்கட சனம் அந்த ஊர்ப் பேர ஏச்சாப் பாவிச்சுப் பாவிச்சே எத்தின பேர் உதவி கேக்காமப் போயிட்டினம். பிள்ளை ஒண்டுக்கு இப்ப அடி விழுந்துகொண்டிருக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சா 1929க்கு எடுங்கோ, அது பிள்ளையளுக்கான லைன்.

ஒஃபிஸ் முடிஞ்சு போற பின்னேர நேரங்கள் கெதியா நிரம்பிடும், காலமயில போக ஏலும் எண்டா அந்தக் கிழமையே இடம் கிடைக்கும். தமிழில வேணும் எண்டு புக் பண்ணேக்கயே சொல்லிடுங்கோ.