‘உணவுத்தரக் கலக்கி’ என்று நம்பி வாங்கிய மோட்டாரும் பாழான 20 லிட்டர் வோர்ட்டும்: ஓர் எச்சரிக்கை

வீட்டிலேயே பீர் காய்ச்சுவது என் வழக்கம். முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டிலிருந்து எடுத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்துக் காய்ச்சிய வோர்ட்டை, அதாவது இன்னும் நொதிக்காத பீர்ச் சாற்றை, குளிரவைக்கும் நேரம் முழுவதும் அகப்பையும் கையுமாக நிற்க வேண்டாமே என்று எண்ணி, மோட்டார், தண்டு, துடுப்பு, இணைப்பான், அடாப்டர் ஆகிய எல்லாம் அடங்கிய கலக்கித் தொகுப்பு ஒன்றை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். முதல் உபயோகத்திலேயே 20 லிட்டர் வோர்ட் பாழானது. கொடுத்த பணத்தில் ஒரு பகுதிகூட இன்றுவரை திரும்பி வரவில்லை. விற்பனையாளரின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. இதே படங்களும் இதே விவரங்களும் வெவ்வேறு கடைப்பெயர்களில் வலம் வருவதை அதன் பிறகு பார்த்துவிட்டேன். ஆகவே அந்த விவரங்களுக்குள் இருக்கும் பொய்யை வாங்குவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதுவதே மற்றவர்களுக்கு உதவும்.

கொதி அடங்கிய வோர்ட்டை, ஏல் என்ற பீர் வகையை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் தாங்கக்கூடிய 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு விரைவாக இறக்க வேண்டும் என்பது இதில் ஈடுபட்டவர்களுக்குத் தெரிந்ததே. மால்ட்டில் உள்ள எஸ்-மெத்தில் மெத்தியோனின் சூட்டில் சிதைந்து டைமெத்தில் சல்ஃபைடாக மாறுகிறது. நன்றாகக் கொதிக்கும்போது அது ஆவியோடு போய்விடும். கொதி நின்ற பிறகும் சூடு நீடித்தால், உருவாவது தொடர்ந்துகொண்டிருக்க வெளியேறுவது மட்டும் குறைந்து, வேகவைத்த மக்காச்சோளத்தின் வாடை பீரில் தங்கிவிடும். சூடு 60 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டாலோ, ஈஸ்ட்டுக்கு முன் பந்தியில் அமர்ந்துவிட வேறு நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. இதற்காகத்தான் செம்புக்குழாய்ச் சுருளை வோர்ட்டில் இறக்கி, அதனுள் குளிர்ந்த நீரை ஓடவிடுகிறோம். ஆனால் வோர்ட் அசையாமல் கிடந்தால், சுருளை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் குளிர்ந்து, சுருளுக்கும் மீதமுள்ள சூடான வோர்ட்டுக்கும் நடுவே ஒரு போர்வையைப் போல நின்றுவிடுகிறது. சுருளிலிருந்து வெளியேறும் நீரைத் தொட்டுப் பார்த்தாலே இது புரியும்: முதலில் கை பொறுக்காத சூட்டில் வரும் நீர் சிறிது நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடும், அகப்பையால் நான்கு சுற்றுக் கலக்கினால் மறுபடியும் சுடும். என் பாத்திரத்தில் கலக்காமல் விட்டால் 25 டிகிரிக்கு வர ஏறத்தாழ 45 நிமிடங்களும், விடாமல் கலக்கினால் ஏறத்தாழ 20 நிமிடங்களும் ஆகின்றன. இந்த வேலைக்கு வேகம் தேவையில்லை; நிமிடத்துக்கு 40 முதல் 60 சுற்றுகள் தாராளம்.

அந்த விற்பனைப் பக்கத்தில் இருந்த விவரங்கள் எனக்கு மனப்பாடமாகவே ஆகிவிட்டன. 12 வோல்ட் நேர்மின்னோட்ட (DC) கியர் மோட்டார்; பாரத்தோடு 1 ஆம்பியர்; பாரத்தோடு நிமிடத்துக்கு 60 சுற்றுகள்; அந்த வேகத்தில் 50 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கு விசை (தண்டைச் சுழற்றும் வலு); தண்டும் துடுப்பும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்; ‘முழுவதும் உணவுத்தரம்’; கூடவே, ஆவி பறக்கும் பாத்திரம் ஒன்றின் மேல் கலக்கி பொருத்தப்பட்டிருக்கும் படம். எனக்கு வேண்டியது அத்தனையும் ஒரே பெட்டியில் இருந்ததால், எண்களை நான் படித்தேனே தவிரக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

போட்டிருந்தால் அன்றைக்கே தப்பியிருப்பேன். ஒரு மோட்டார் வெளியே தரும் திறனை வாட்டில் அறிய, கிலோ-சென்டிமீட்டரில் உள்ள முறுக்கு விசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 97.4 ஆல் வகுத்தால் போதும்; மனக்கணக்குக்கு 100 ஆல் வகுத்தாலும் பெரிய பிழை வராது. 50 ஐ 60 ஆல் பெருக்கினால் 3,000. வகுத்தால் ஏறத்தாழ 31 வாட். உள்ளே செல்லும் மின்சாரமோ 12 வோல்ட், 1 ஆம்பியர், அதாவது 12 வாட் மட்டுமே. 12 வாட்டை வாங்கிக்கொண்டு 31 வாட்டைத் திருப்பித் தரும் மோட்டார் இந்த உலகத்தில் இல்லை. உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 12 வாட்டில் 60 சுற்று வேகத்துக்குக் கிடைக்கக்கூடியது 20 கிலோ-சென்டிமீட்டரைத் தாண்டாது. கியர்பாக்ஸில் போகும் இழப்பைக் கழித்தால் இன்னும் வெகுவாகக் குறையும். இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சில விற்பனையாளர்கள் தண்டைச் சுழல விடாமல் பிடித்து நிறுத்தும்போது மோட்டார் காட்டும் உச்ச முறுக்கு விசையை எழுதுவார்கள். அப்போது சுற்றும் இல்லை, மின்னோட்டமும் பல மடங்கு கூடியிருக்கும் என்பதால் அந்த எண் பொய்யாகாது. ஆனால் இந்தப் பக்கத்தில் மூன்று எண்களும் ஒரே பாரத்துக்கு உரியவை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது.

காய்ச்சும் நாளில் நடந்ததைச் சொல்கிறேன். கொதி முடிவதற்கு 15 நிமிடங்களுக்கு முன் சுருளையும் துடுப்பையும் வோர்ட்டுக்குள் இறக்கி, சூட்டிலேயே அவற்றைச் சுத்தமாக்கிக்கொண்டேன். அடுப்பை அணைத்து, நீரைத் திறந்து, மோட்டாரை இயக்கியவுடன் வோர்ட்டின் நடுவே குழி விழுந்து, துடுப்பு காற்றை இழுத்து நுரைகட்டத் தொடங்கியது. சூடான வோர்ட்டில் காற்றைக் கலப்பது பீரின் சுவையைப் பின்னால் எவ்வளவு கெடுக்கும் என்பதில் காய்ச்சுபவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆனால் கொதிக்கக் கொதிக்க இருக்கும் சர்க்கரைத் திரவம் பாத்திரத்துக்கு வெளியே தெறிப்பது நல்லதா என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. முன்கையில் இரண்டு இடங்களில் எனக்குச் சூடுபட்டது. பிற்பாடு தண்டில் வண்ண நாடா ஒன்றை ஒட்டி, கைபேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்து எண்ணிப் பார்த்தபோது, காற்றில் அது 15 விநாடியில் 50 முறை சுழன்றது. நிமிடத்துக்கு 200 சுற்றுகள். திரவத்தைக் கலக்கத் தேவைப்படும் திறன், கொந்தளிப்பான ஓட்டத்தில், வேகத்தின் முப்படியாக ஏறும் என்பதால், 60 சுற்றுக்குச் சில வாட் போதுமான துடுப்பு 200 சுற்றை நெருங்க நெருங்கப் பல மடங்கு கேட்கும். அவ்வளவு வலு அந்த மோட்டாருக்கு ஏது? பத்து நிமிடத்தில் மோட்டாரின் கூடு தொட முடியாத அளவுக்குச் சுட்டது. அடாப்டரிலிருந்து வந்த வாடையைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை.

இதன் பிறகு நடந்ததுதான் என் 20 லிட்டரையும் வீணாக்கியது. மோட்டாரின் கியர்பாக்ஸிலிருந்து தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய்த் தடுப்பு வளையமே இல்லை. உள்ளிருந்து மோட்டாரின் சூடும் கீழிருந்து ஆவியின் சூடும் சேர்ந்து கிரீஸை இளக்க, அது தண்டு வழியாக வழிந்து, இணைப்பானைக் கடந்து, வோர்ட்டின் மேல் கரும்பொட்டுகளாக மிதந்தது. கரண்டியால் வழித்து எடுத்துவிடலாமே என்று கேட்ட நண்பர் ஒருவர் உண்டு. எண்ணெய்ப்பசை சிறிதளவு கலந்தாலும் பீரின் நுரை நிற்காது என்பது இதில் சின்ன விஷயம். என்ன சேர்த்துச் செய்தது என்றே தெரியாத இயந்திர கிரீஸ் கரைந்த திரவத்தை நொதிக்கவைத்து வீட்டாருக்கும் விருந்தினருக்கும் ஊற்றிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தனையையும் சாக்கடையில் ஊற்றினேன்.

தண்டைக் கழுவித் துடைத்து வைத்தேன். மறுநாள் காலையில் அதன் வெட்டுமுனையில் பழுப்பு நிறத் துரு பூத்திருந்தது. காந்தத்தை அருகே கொண்டுபோனதும் அது ‘டப்’ என்று ஒட்டிக்கொண்டது. 304 ஸ்டீல் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது; இழுத்து நீட்டிய 304 கம்பியை மட்டும் காந்தம் இலேசாக இழுப்பது உண்டு. ஆகவே சற்றே இழுத்தால் பயப்பட வேண்டியதில்லை. இப்படி இரும்பைப் போலவே கவ்விக்கொண்டால், அது பெரும்பாலும் குரோமியப் பூச்சு பூசிய சாதாரண இரும்புதான். பூச்சு இல்லாத வெட்டுமுனையில் துரு பூத்ததும் அதையே உறுதிப்படுத்தியது. வோர்ட் இலேசான அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். 5 ஐ ஒட்டியிருக்கும். அதில் சூட்டோடு இரும்பு ஊறினால், நாக்கில் இரத்தத்தைத் தொட்டதைப் போன்ற உலோகச் சுவை பீரில் ஏறும். பீர் சீக்கிரம் பழசாவதற்கும் இரும்பு துணைபோகும். காந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் மலிவான 200 வரிசை ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது. காந்தம் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். உண்மைக்குச் சான்றிதழ் தராது.

விற்பனையாளரிடம் நான் பட்ட பாட்டைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் பதில் மிகவும் பணிவாக வந்தது. காணொளி அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். கொதிக்கும் திரவத்தின் மேல் பயன்படுத்தியது உங்கள் தவறு என்று அடுத்த பதில் வந்தது. ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் அதே கலக்கி நிற்கும் அவர்களுடைய படத்தைத் திருப்பி அனுப்பியதற்குப் பதிலே இல்லை. நான்கு நாட்கள் கழித்து, திருப்பியனுப்பும் காலக்கெடு 7 நாட்கள், அது பொருளை அனுப்பிய நாளிலிருந்து தொடங்குகிறது என்று எழுதினார்கள். பொருள் என் கைக்கு வந்து சேரவே 6 நாட்கள் ஆகியிருந்தன. கடைசியாக, நான் எழுதிய மதிப்புரையை நீக்கினால் பாதித் தொகையைத் தருவதாகச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். தளத்தின் குறைதீர்ப்புப் பிரிவோ, தண்டு 304 இல்லை என்பதற்கு ஆய்வகச் சான்று வேண்டும் என்றது. அந்தச் சோதனைக்கு ஆகும் செலவில் இன்னும் இரண்டு கலக்கிகள் வாங்கலாம். இதில் என் பிழையும் உண்டு: வாங்கிய அன்றே விற்பனைப் பக்கத்தை முழுவதும் படமெடுத்து வைத்திருக்க வேண்டும். படங்களைத்தான் சேமித்தேன், விவரப் பட்டியலைச் சேமிக்கவில்லை.

இப்போது என்னிடம் இருக்கும் கலக்கியை, பாகங்களைத் தனித்தனியே வாங்கி நானே அமைத்தேன். நிமிடத்துக்கு 50 சுற்றுகள் ஓடும் மோட்டாரை, பாரமின்றியும் பாரத்தோடும் உள்ள மின்னோட்டம் இரண்டையும் எழுதிக் கொடுத்த ஒருவரிடம் வாங்கினேன். உலோகத்தின் உட்கூறுச் சான்றோடு வந்த 8 மில்லிமீட்டர் கம்பிதான் தண்டு. மோட்டாரைப் பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே 15 சென்டிமீட்டர் உயர்த்தி, ஆவி நேராகத் தாக்காதபடி தகடு ஒன்றை இடையில் வைத்திருக்கிறேன். தண்டில் இணைப்பானுக்குக் கீழே, விளிம்பு உயர்ந்த சிறு தட்டு ஒன்று மாட்டியிருக்கிறது. மேலிருந்து எது வழிந்தாலும் அதில் தங்கிவிடும். அடாப்டர் நீர் படாத தூரத்தில், மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பில் இருக்கிறது. வோர்ட்டில் இறக்குவதற்கு முன், கொதிக்கும் வெறும் நீரில் அரை மணி நேரம் ஓடவிட்டு, அந்தத் தட்டை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. முன்பு வாங்கிய தொகுப்பையும் இப்படி நீரில் ஓட்டிப் பார்த்திருந்தால், பணம் மட்டுமே போயிருக்கும். மால்ட்டும் ஹாப்ஸும் ஒரு முழு நாளின் உழைப்பும் மிஞ்சியிருக்கும்.

இதை எழுதுவதற்கு முன் அந்த விற்பனைப் பக்கத்தை மறுபடியும் திறந்து பார்த்தேன். தொகுப்பு இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது. ஆவி பறக்கும் படமும் அப்படியே இருக்கிறது. 60 சுற்றுகளும் 50 கிலோ-சென்டிமீட்டரும் மாறவில்லை. நான் அனுப்பிய கணக்கைப் படித்திருக்கிறார்கள் போலும்: ‘1 ஆம்பியர்’ என்ற வரியை மட்டும் நீக்கிவிட்டார்கள்.