ஊட்டியில் தைலம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வர்க்கி, சாக்லேட், நீலகிரித் தைலம். இந்த மூன்றும் இல்லாமல் ஊட்டியிலிருந்து யாரும் கீழே இறங்குவதில்லை. வர்க்கி நமத்துப்போயிருந்தால் கடித்ததும் தெரிந்துவிடும். தைலத்தில் ஏமாற்றியிருந்தால் வீட்டுக்கு வந்து, யாருக்காவது சளி பிடித்து, வெந்நீரில் விடும்போதுதான் தெரியும். எங்கள் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது.

மழை தொடங்குமுன் வீட்டிலேயே சளித் தைலம் செய்து வைப்பது எங்கள் வழக்கம். தேங்காய் எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பச்சைக் கற்பூரம், புதினா உப்பு, நீலகிரித் தைலம் மூன்றையும் சேர்ப்போம். கற்பூரத்தையும் புதினா உப்பையும் ஒரே கிண்ணத்தில் போட்டு வைத்தால் தண்ணீர் விடாமலே இரண்டும் இளகி நீராகிவிடும். 100 கிராம் சளித் தைலத்துக்கு நீலகிரித் தைலம் அரைத் தேக்கரண்டி போதும். மற்றதெல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். நீலகிரித் தைலத்தை மட்டும் அது விளைகிற ஊரிலேயே வாங்குவோம் என்றுதான் அங்கே வாங்கினேன்.

அந்தக் கடையில் விற்ற விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், உங்களிடமும் இதையே செய்வார்கள். கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன பாட்டிலைத் திறந்து என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். "நல்லாத் தேச்சு மோந்து பாருங்கக்கா" என்றார். நெற்றி வரைக்கும் ஏறியது. அது அசல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எனக்குக் கட்டிக் கொடுத்த பாட்டில்கள் மேசைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியிலிருந்து வந்தவை. லேபிளில் இலைப் படமும் 'நூறு சதவீதம் சுத்தம்' என்ற வரியும் இருந்தன. தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் நம்பர், தேதி எதுவும் இல்லை. பில் கேட்டதற்கு, "பில்லெல்லாம் போடறதில்லைக்கா, ஜிபே பண்ணிடுங்க" என்றார்.

அம்மாவுக்கு மூக்கடைப்பு வந்தபோது வெந்நீரில் மூன்று சொட்டு விட்டு ஆவி பிடிக்க உட்கார வைத்தேன். போர்வைக்குள் போன ஒரு நிமிடத்தில் இருமிக்கொண்டே வெளியே வந்துவிட்டார். கண் எரிகிறது, தொண்டை எரிகிறது, பெயின்ட் அடித்த வீட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். குனிந்து பார்த்தால், வண்டி நிறுத்திய இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கினால் மினுக்குமே, அப்படி ஒரு வண்ணப் படலம் தண்ணீர் மேல். முதலில் தைல வாசனை லேசாக வந்தது, பின்னாலேயே பெயின்டில் கலக்கிற டர்பன்டைன் வாடை. இருமல் அடங்க வெகுநேரமானது.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று மெடிக்கலில் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். வெள்ளைத் தாளில் அதில் ஒரு சொட்டு, ஊட்டிச் சரக்கில் ஒரு சொட்டு, பக்கத்தில் பக்கத்தில். மெடிக்கல் சொட்டு மாலைக்குள் காற்றோடு போய்விட்டது, தாளில் அடையாளமே இல்லை. மற்றது மறுநாள் காலையிலும் பஜ்ஜி மடித்த தாள் போல எண்ணெய்க் கறையாக நின்றது. நல்ல தைலம் ஆவியாகிப் போகிற எண்ணெய். கறை தங்கினால் பாரஃபின் போன்ற ஆவியாகாத எண்ணெய் ஏதோ கலந்திருக்கிறது. ஆனால் இந்தத் தாள் சோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். டர்பன்டைனும் ஆவியாகக்கூடியதுதான், அதை மட்டும் கலந்திருந்தால் தாள் காட்டிக்கொடுக்காது. அதற்கு மூக்குதான். சொட்டு முக்கால்வாசி காய்ந்த பிறகு மோந்து பாருங்கள், கடைசியில் நிற்கிற வாடை பொய் சொல்லாது.

அதற்குள் அந்த எண்ணெயைப் போட்டுச் செய்த டப்பாக்கள் அத்தை வீட்டுக்கும் நாத்தனார் வீட்டுக்கும் போயிருந்தன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தொடாதீர்கள், திருப்பித் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். நாத்தனார் மகளுக்கு அதற்குள் கழுத்தில் தடிப்பு வந்துவிட்டது.

கடைக்கு போன் செய்தேன். "நயம் சரக்குக்கா அது. நீங்க மூடியைச் சரியா மூடியிருக்க மாட்டீங்க" என்றார். தாள் சோதனையைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை.

ஏன் கலக்கிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெய் இது, அந்த மரத்தை நீலகிரிக்காரர்கள் கற்பூர மரம் என்பார்கள். நூறு கிலோ இலையை ஆவியில் வேகவைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய்தான் தேறும். இலை பொறுக்கி, விறகு எரித்து, குழாயைக் குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை வழித்தெடுக்கிறவர்களுக்கு அது கட்டுப்படியாகிற விலை ஒன்று இருக்கிறது. அதில் பாதி விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால் மீதியை எதைக்கொண்டு நிரப்பினார் என்று கேளுங்கள். நெஞ்சுச் சளியோடு மூச்சுக்குத் தவிக்கிறவர் முகர்கிற பொருள் இது. அதில் பெயின்டுக் கரைப்பானைக் கலக்க ஒருவருக்கு எப்படி மனசு வருகிறதோ! காட்டில் ஒழுங்காகக் காய்ச்சுகிறவர்களின் பிழைப்பும் இதனால்தான் கெடுகிறது.

வாங்குவதானால் 'யூகலிப்டஸ் ஆயில் ஐ.பி.' என்று அச்சிட்டு, தயாரித்த நிறுவனத்தின் முகவரி, உரிம எண், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் உள்ள பாட்டிலாக வாங்குங்கள். ஐ.பி. என்றால் இந்திய மருந்துத் தர நூலின் அளவுகோல். மூக்கைத் திறந்துவிடுகிற சினியோல்தான் இந்த எண்ணெயின் உயிர். பிரிட்டிஷ் தர நூலில் அது 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மாதிரி காட்டிய பாட்டிலையே கொடுங்கள் என்று கேளுங்கள், அல்லது உங்களுக்குக் கட்டப்போகிற பாட்டிலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.

அசலாகவே இருந்தாலும் சின்னக் குழந்தைகள் விஷயத்தில் கவனம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் முகத்திலோ மூக்கருகிலோ இந்தத் தைலத்தையும் கற்பூரத்தையும் தடவவே கூடாது. ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம், பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். பெரியவர்களுக்கும் மூக்குக்குள் எண்ணெய் விடுகிற பழக்கம் வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்தை மடியில் வைத்து ஆவி பிடிக்காதீர்கள், மேசை மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் பணம் அனுப்பிய ரசீது, லேபிளின் படம், மிச்சமிருக்கும் பாட்டில் ஆகியவைதான் கையில் இருக்கின்றன. இதே மாதிரி முகவரியில்லாத பாட்டில் உங்களிடமும் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். வாங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, பணம் அனுப்பிய ரசீதையும் பத்திரப்படுத்தி, நீங்களும் அதே எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள்.