டம்பிங் சிண்ட்ரோம்: தட்டை மாற்றுவதா, பிசினா, மாத்திரையா, ஊசியா?

எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர் சாப்பிட்டபின் வியர்த்துப் படபடத்தால், வீட்டில் முதலில் கலக்கிக் கொடுப்பது சர்க்கரைத் தண்ணீர். உணவு வேகமாகக் குடலில் கொட்டுவதால் வரும் இந்தத் தொல்லைக்குத்தான் டம்பிங் சிண்ட்ரோம் என்று பெயர். படபடப்பு எப்போது வந்தது என்று கடிகாரத்தைப் பார்க்காமல் கொடுத்தால், பல சமயம் அதுவே அடுத்த படபடப்புக்கு வழிவைக்கும். ஆகவே எந்த வைத்தியம் மேல் என்று பார்ப்பதற்கு முன், வந்திருப்பது முன் டம்பிங்கா, பின் டம்பிங்கா என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள், அதிகம் போனால் 1 மணி நேரத்துக்குள் வருவது முன் டம்பிங். பைபாஸில் சுமார் 30 மி.லி. பிடிக்கும் சின்னப் பை நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. உணவை அளந்து அளந்து கீழே விடும் பைலோரஸ் வால்வு அந்த வழியிலேயே இல்லை. மினி பைபாஸிலும் இதே நிலைதான். இரைப்பையைக் குழாய்போலக் குறுக்கும் ஸ்லீவ் ஆபரேஷனில் வால்வு இருந்தாலும் குறுகிய இரைப்பை வேகமாகக் காலியாவதால் சிலருக்கு வரும். இனிப்பு செறிந்த உணவு குடலில் கொட்டியதும் ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இறங்குகிறது, குடல் ஹார்மோன்கள் பொங்குகின்றன. உப்புசம், வயிற்று இரைச்சல், பேதி, நெஞ்சுப் படபடப்பு, உடனே படுக்கவேண்டும் என்கிற தளர்ச்சி எல்லாம் இதனால்தான். இதில் சுகர் குறைவதில்லை.

சாப்பிட்டு 1 முதல் 3 மணி நேரம் கழித்து வருவது பின் டம்பிங். சுகர் சட்டென ஏற, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் தூண்டி இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்க, சுகர் தடாலென இறங்கிவிடுகிறது. நடுக்கம், அகோரப் பசி, குழப்பம், சில சமயம் மயக்கம். பலருக்கு இது ஆபரேஷன் முடிந்து ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆனபிறகே தலைகாட்டும். அதனால் இதையும் ஆபரேஷனையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது. படபடப்பு வந்த அந்த நிமிடத்தில் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் அளவு பொய்யாகக் கூடும். 70-க்குக் கீழே என்றால் பின் டம்பிங் என்று எண்ண இடமுண்டு. 54-க்குக் கீழே என்றால் டாக்டரிடம் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை சில மாதச் சுகரின் சராசரியைத்தான் காட்டும், இந்த ஏற்ற இறக்கம் அதில் தெரியாது.

தட்டில் என்ன

மருந்துக்குப் போகுமுன் செய்யவேண்டியது உணவை மாற்றுவது. இரண்டு வகைக்கும் உதவுவதும் இதுதான். நம் வீட்டுக் காலை உணவுகளையே எடுத்துக்கொள்வோம்.

இட்லி மென்மையானது, ஆபரேஷன் ஆனவருக்கு நல்லது என்று நம்புகிறோம். மென்மைதான் சிக்கல். புளித்து, வெந்து, எளிதில் கரையும் அரிசி மாவு குடலில் வேகமாகச் சர்க்கரையாகிறது. சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிட்டால் இன்னும் வேகம். கேழ்வரகுக் கூழ் இட்லியைவிட மேல் என்பார்கள். கெட்டியான களிக்கு அது ஓரளவு பொருந்தும். நீர்க்கக் கரைத்த கூழ் குடிக்கும் மாவுச்சத்துதான், நிற்க இடமில்லாமல் வழுக்கிப் போய்விடும். 30 கிராம் கேழ்வரகு மாவில் 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. பச்சைப்பயறு தோசையும் பருப்பு தூக்கலான அடையும் இவ்விரண்டையும்விட நல்ல தேர்வு: புரதமும் நாரும் சேர்ந்து வேகத்தைத் தணிக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலே வேகவைத்த முட்டை. ஒன்றில் 6 கிராம் புரதம், மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். இட்லியை விடவே முடியாதவர் முதலில் முட்டையோ பனீரோ கெட்டிச் சுண்டலோ சாப்பிட்டு, கடைசியில் ஒரு சின்ன இட்லியைக் கெட்டிச் சட்னியோடு எடுத்துக்கொள்ளலாம். வரிசை மாறினாலே வித்தியாசம் தெரியும்.

பின் டம்பிங் உள்ளவர்களுக்கு ஒரு வேளைக்கு மாவுச்சத்து 30 கிராமைத் தாண்டாமலும், இடைத்தீனியில் 15 கிராமைத் தாண்டாமலும் வைப்பது வழக்கம். ஒரு நாளைக்கு 6 சிறு வேளைகள். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றுக்குச் சலுகை கிடையாது. குடலுக்கு அவையும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றே.

நீர் விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது: பணம் செலவில்லாமல் அதிகப் பலன் தருவது உணவையும் நீரையும் பிரிப்பதுதான். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, முடித்து 30 நிமிடம் கழித்தே குடிக்கவேண்டும். நம் சாப்பாட்டில் நீர் தம்ளரில் மட்டும் இல்லை என்பதுதான் கஷ்டம். குழைய விட்ட ரசம் சாதம், மோர் ஊற்றிய சோறு இரண்டும் நீரோடு சேர்ந்த உணவே. ரசம் வேண்டுமென்றால் தனியாக, இடைவேளையில். அதற்காக நாள் முழுக்கக் குடிக்காமல் இருந்துவிடவும் கூடாது, இடைவேளைகளில் வாய்வாயாகக் குடித்து ஈடுகட்டவேண்டும். முன் டம்பிங் கடுமையாக உள்ளவர் சாப்பிட்டதும் 30 நிமிடம் படுத்தால் உணவு இறங்குவது தாமதமாகும். நெஞ்செரிச்சல் இருப்பவர் தட்டையாகப் படுக்காமல் சாய்ந்திருப்பது நல்லது.

பிசினா, மாத்திரையா

தட்டை ஒழுங்காக மாற்றியும் அடங்காதவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம், பழங்களின் பெக்டின் போன்ற பிசின்கள் உணவைக் கூழ்போல இறுக்கி, சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகின்றன. வேளைக்கு 5 கிராம், நாளுக்கு 15 கிராம் வரை. இரண்டு வகை டம்பிங்குக்கும் கேட்கும். குறை என்னவென்றால் வழவழப்பை நாக்கு ஏற்காது, வாயுவும் சேரும், பலர் விட்டுவிடுவார்கள். பொடியை உலர்வாக விழுங்கினால் குறுகிய வழியில் உப்பி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. உணவிலேயே நன்றாகக் கலந்து, 1 கிராமில் தொடங்கி ஏற்றவேண்டும்.

அகார்போஸ் மாத்திரை பின் டம்பிங்குக்கு மட்டுமே. மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அது தடுப்பதால் சுகர் மெல்ல ஏறுகிறது, இன்சுலினும் பாய்ந்து வருவதில்லை. வேளைக்கு 50 முதல் 100 மி.கி., முதல் கவளத்தோடு. அரை மணி கழித்து நினைவு வந்து போட்டால் பெரிய பலனில்லை. வாயுவும் பேதியும் வரும். ஏற்கெனவே முன் டம்பிங்கால் பேதியாகிறவருக்கு இது வேதனையைக் கூட்டலாம், அவருக்குப் பிசின் பொருத்தம். சுகர் இறங்கி மயங்குகிறவருக்கு எங்கள் தேர்வு மாத்திரை. டாக்டர் எழுதிக்கொடுத்து மட்டும்.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவரின் வீட்டார் கட்டாயம் அறியவேண்டியது ஒன்று உண்டு. லோ சுகர் வந்தால் சாதாரணச் சர்க்கரையும் கருப்பட்டியும் உடனே வேலை செய்யாது, ஏனென்றால் அவற்றை உடைக்கும் நொதியைத்தான் மாத்திரை கட்டிப்போட்டிருக்கிறது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மாத்திரை சாப்பிடாதவருக்கும் ஜூஸைவிட அதுவே நல்லது, அளவு கையில் இருக்கும். 15 கிராம், அதாவது சுமார் 3 தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் முட்டை, பனீர், கடலை என்று ஏதாவது புரதம் கொடுக்கவேண்டும். ஒரு பெரிய தம்ளர் ஜூஸ் குடித்துவிட்டு அப்படியே விட்டால், அதற்கும் இன்சுலின் பாய்ந்து 2 மணி நேரத்தில் மறுபடி சரியும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 108.

ஊசியும் மறு ஆபரேஷனும்

ஆக்ட்ரியோடைட் ஊசி இரண்டு வகை டம்பிங்கையும் அடக்கும். தோலுக்கடியில் 50 முதல் 100 மைக்ரோகிராம், சாப்பாட்டுக்கு முன், நாளுக்கு 3 முறை. நீண்டநாள் வேலை செய்யும் மாத ஊசியும் உண்டு. பலம் அதிகம், செலவும் அதிகம். கொழுப்புப் பேதி வரலாம், பித்தப்பைக் கல்லும் சேரலாம். வேகமாக எடை குறைந்தவருக்குக் கல் ஆபத்து ஏற்கெனவே கூடுதல் என்பதால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே தொடரவேண்டும்.

பையின் வாயைச் சுருக்குவது, பைபாஸையே பழையபடி மாற்றுவது ஆகியவை எல்லாம் தோற்றபின்தான். மாற்றினால் எடை திரும்ப ஏறலாம், லோ சுகர் தீருமென்ற உத்தரவாதமும் இல்லை. பலருக்கு மாதங்கள் போகப்போக டம்பிங் தானே தணிவதால் அவசரப்பட வேண்டாம்.

பைபாஸ் ஆனவருக்கு முறுக்கிப் பிடிக்கும் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் அதை டம்பிங் கணக்கில் எழுதிவிடாதீர்கள். குடல் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம், இணைப்பில் புண் இருக்கலாம். அன்றே ஆபரேஷன் செய்த குழுவிடம் காட்டவேண்டும்.