சஸ்பென்ஷன் மாற்றிய பழைய டிரக்கா? ஸ்டீயரிங் ஷாஃப்டைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்

1953–56 ஃபோர்டு எஃப்-100. முன்பக்க அச்சையும் பட்டை ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு மஸ்டங் டூ (ஃபோர்டின் 1970களின் சிறிய கார்) வகை இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனும், ரேக்கும் (பல்சட்டம் பக்கவாட்டில் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் அமைப்பு) போட்ட வண்டி. "ஒரிஜினல் ஸ்டீயரிங் அசெம்பிளி அப்படியே இருக்கும், ரேக்கோடு சேர்த்துத் தருகிறோம்" என்று சொல்லி முழுத்தொகையும் வாங்கியிருக்கிறார்கள். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். செய்த வேலையைச் சொன்னாலே போதும்.

மேலே பார்த்தால் குறையே தெரியாது. பழைய வீல், பழைய வெளிக்குழாய், புதுப் பெயின்ட். ஏமாற்று எல்லாம் தரைத்தகட்டுக்குக் கீழே.

இந்த வண்டிகளில் ஸ்டீயரிங் ஷாஃப்டின் அடிமுனையிலேயே வார்ம் கியர் (திருகு வடிவப் பல்) இருக்கிறது. குழாயும் ஷாஃப்டும், அந்தக் கியர் இருக்கும் பாக்ஸும் ஒரே தொகுப்பு. ரேக் வந்தால் பாக்ஸுக்கு இடமில்லை, ஷாஃப்டை வெட்டித்தான் ஆகவேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் ஷாஃப்டின் கீழ்முனையைத் தாங்கியது பாக்ஸுக்குள் இருந்த பேரிங். பாக்ஸ் போனால் அந்தப் பிடிப்பும் போய்விடும். வெளிக்குழாயின் அடியில் புதிதாக ஒரு பேரிங்கை இறுக்கமாகப் பொருத்தி, ஷாஃப்ட் மேலும் கீழும் நகராதபடி காலர் போட வேண்டும். இந்த வண்டியில் இரண்டும் இல்லை. வீலை ஒருவர் பக்கவாட்டில் ஆட்ட, இன்னொருவர் கீழிருந்து பார்த்தால் ஷாஃப்ட் குழாய்க்குள் தள்ளாடுவது கண்ணுக்கே தெரிந்தது.

அடுத்தது வெல்டிங். வெட்டிய ஷாஃப்டின் முனையோடு உருட்டுக்கம்பியை நேருக்கு நேர் ஒட்டி, மேலே கிரைண்டர் ஓட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மழமழவென்று தேய்த்தபோது வெல்டில் பாதி போயிருக்கும். ஸ்டீயரிங்கில் இப்படி முனையோடு முனை ஒட்டிவிட்டு நிறுத்தவே கூடாது. ஷாஃப்ட் உள்ளே துளையுள்ளதாக இருந்தால், டிடி கம்பியின் (எதிரெதிரே இரண்டு பக்கம் தட்டையான கம்பி) ஒரு முனையை லேத்தில் அந்தத் துளைக்குச் சரியாகக் கடைந்து, விட்டத்தைப்போல இரண்டு மடங்கு ஆழத்துக்காவது உள்ளே செலுத்த வேண்டும். ஷாஃப்டின் சுவரில் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் துளை போட்டு அவற்றை வெல்டால் நிரப்பி, விளிம்பைச் சரிவாகச் சீவிச் சுற்றிலும் வெல்ட் வைக்க வேண்டும். கெட்டி ஷாஃப்டாக இருந்தால் வெல்டே தேவையில்லை. முனையையே மில்லிங்கில் டிடி வடிவத்துக்குச் சீவி யூனிவர்சல் ஜாயின்ட்டை (கோணத்தில் சந்திக்கும் இரண்டு கம்பிகளைச் சேர்த்துச் சுழலவைக்கும் மூட்டு) மாட்டலாம். ஹாரன் ஒயர் ஷாஃப்டின் நடுவே இறங்குகிறதா என்று வெட்டுமுன் பார்த்து மாற்றுவழி செய்ய வேண்டும். இங்கே அதையும் சேர்த்து வெட்டி அப்படியே விட்டுவிட்டார்கள்.

யூனிவர்சல் ஜாயின்ட்டுகளில்தான் மோசடி இன்னும் பச்சையாகத் தெரிகிறது. பில்லில் இரண்டு, வண்டியில் மூன்று. கோணம் ஒத்துவராமல் மூன்றாவதைச் சொருகியிருக்கிறார்கள். மூன்று போடலாம், ஆனால் ஜாயின்ட்டுகளுக்கு நடுவே ஓடும் இடைக்கம்பியைத் தாங்க சேஸிஸில் ஒரு ராட்-எண்ட் பேரிங் (திருகுத் தண்டின் முனையில் வளையமாக இருக்கும் பேரிங்) கட்டாயம் வேண்டும். பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் லாக் நட் போட்டு அதை இறுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வீலைத் திருப்பும்போது நடு ஜாயின்ட் பக்கவாட்டில் துள்ளும், ரேக் தாமதமாகத்தான் திரும்பும்.

ஒரு ஜாயின்ட்டின் கோணம் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். 30 டிகிரியிலேயே வெளிப்பக்கத்தின் வேகம் ஒரே சுற்றில் 0.866 மடங்குக்கும் 1.155 மடங்குக்கும் இடையே இரண்டு முறை ஏறி இறங்கும். இடைக்கம்பியின் இரண்டு முனை யோக்குகளும் (ஜாயின்ட்டின் கவை போன்ற பாதிகள்) ஒரே நேர்கோட்டில் நின்று, இரண்டு பக்கக் கோணமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்றத்தை மற்றது ஈடுகட்டும். இங்கே யோக்குகள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, விரல் நுனியால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் கனத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். "புது ரேக், ஓடஓடச் சரியாகும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஓட்டி ஓட்டி யோக்கின் திசை மாறாது.

கம்பியின் முனை ஜாயின்ட்டுக்குள் முழுதாக உட்கார வேண்டும், ஆனால் நடுச்சிலுவை பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் திரும்பும்போது இடித்துப் பூட்டிக்கொள்ளும். செட் ஸ்க்ரூ உட்கார டிடி கம்பியில் சிறு குழி தோண்டி, திரெட்லாக்கர் தடவி, லாக் நட்டும் போட வேண்டும். இங்கே குழியும் இல்லை, நட்டும் இல்லை. ஊசி பேரிங் உள்ள ஜாயின்ட்டைக் கழற்றாமலே பக்கத்தில் வெல்ட் வைத்து பேரிங்கையும் கருக்கியிருக்கிறார்கள். மஸ்டங் டூ வகை ரேக்குகளில் பெரும்பாலும் 9/16 அங்குலம், 26 பல் ஸ்ப்ளைன் (ரேக்கின் முனைத்தண்டில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்). அளந்து பார்த்து அதற்குரிய ஜாயின்ட்டை வாங்குங்கள். தட்டி ஏற்றிய ஜாயின்ட் நிற்காது.

இன்னொரு குறுக்குவழி: ஷாஃப்ட் எக்ஸாஸ்டில் இடிக்கிறது என்று ரேக்கை மேலே தூக்கி மாட்டுவது. டை ராடின் (ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) உள்முனை, கண்ட்ரோல் ஆர்ம்களின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல், கீழ்க் கைகள்) உள்முனைகளை இணைக்கும் கோட்டைவிட்டு விலகினால், பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். மாற்ற வேண்டியது ஷாஃப்டின் பாதை, ரேக்கின் இடமல்ல.

மோதல் பாதுகாப்பையும் கேளுங்கள். மஸ்டங் டூ ரேக் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய நேராக ஓட்டுநரின் மார்பை நோக்கி ஒரு கெட்டிக் கம்பி வந்தால், முன்மோதலில் அது அப்படியே பின்னால் தள்ளும். அமெரிக்காவின் பாதுகாப்பு விதி 204, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும்போது ஸ்டீயரிங் 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் வரக்கூடாது என்கிறது. கார்களுக்கு அது 1968-இல் வந்தது. இந்த டிரக்குகள் அதற்கு முந்தியவை. ஆகவே இடைக்கம்பியாவது சுருங்குவதாக இருக்கட்டும்: 1 அங்குல டிடி குழாய்க்குள் 3/4 அங்குல டிடி கம்பி நழுவும் வகை.

வேலை கொடுக்கும்போது ஜாயின்ட்டுகளின் எண்ணிக்கை, கீழ் பேரிங், தாங்கு பேரிங், இணைப்பு முறை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பெயின்ட் அடிக்கும் முன் வெல்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசித் தவணையை அதன் பிறகு கொடுங்கள். இப்படி ஒட்டிய ஷாஃப்டோடு வண்டி ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டால் ஓட்டிப் போகாமல் டிரெய்லரில் ஏற்றுங்கள். வெளிக்குழாய், வீல், மேல் பேரிங் ஆகியவற்றைத் திரும்பப் பயன்படுத்தலாம். வெல்ட் வைத்த கம்பியையும் சூடுபட்ட ஜாயின்ட்டுகளையும் கழித்துவிடுங்கள்.