பி650 சிப்செட்டோடு இரண்டரை வருடம்

2023 ஜூனில் வாங்கிய மதர்போர்டு இது, ஏஎம்டி பிராசசருக்கானது. பி650 என்பது அதிலுள்ள சிப்செட்டின் பெயர், டிரைவ்களையும் போர்ட்டுகளையும் பிராசசரோடு இணைக்கும் சிப் அது. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில், திருச்சியில் சின்ன ஸ்டுடியோ, முகூர்த்த மாதங்களில் இந்தக் கணினி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். வாங்கிய வாரத்திலேயே எழுதினால் பிராசசர் வேகத்தைப் பற்றி மட்டும்தான் எழுத முடியும், சிப்செட் எப்படி என்பது தெரிய இரண்டு கோடையும் ஒரு பிராசசர் மாற்றமும் தேவைப்பட்டன.

இதற்கு முன்னால் என்னிடம் இருந்தது பி450. அதில் சிப்செட்டிலிருந்து கிளம்பும் பிசிஐஇ லேன்கள் (தரவு ஓடும் பாதைகள்) எல்லாம் 2.0 தலைமுறை, ஒரு லேனுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 500 எம்பி வேகம்தான். பி650இல் அதே இடத்தில் 4.0 லேன்கள், ஒன்றுக்கு ஏறத்தாழ 2 ஜிபி. பெட்டியில் எழுதியிருக்கும் எந்த விளம்பரத்தையும் விட என் வேலையில் பெரிய வித்தியாசம் செய்தது இதுதான். பழைய போர்டில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, புதியதில் மூன்று. முதல் இரண்டும் நேரே பிராசசருக்குப் போகின்றன, மூன்றாவது சிப்செட் வழியாகப் போகிறது. விண்டோஸ் ஒன்றில், எடிட்டிங் மென்பொருளின் கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) இன்னொன்றில், நடப்பு வேலையின் காட்சிகள் மூன்றாவதில். சிப்செட் வழியாகப் போவதால் மூன்றாவது தடுமாறும் என்று நினைத்து ஆரம்பத்தில் அதில் ஒன்றும் வைக்கவில்லை. அப்புறம் அதே எஸ்எஸ்டியை இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்தேன். அளவீட்டில் சொற்ப வித்தியாசம் வந்தது, டைம்லைனில் இழுத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் புரிந்துகொண்டு வாங்க வேண்டும். என்னுடையது போன்ற ரைசன் 7000 வரிசை பிராசசரில் 28 பிசிஐஇ லேன்கள் உண்டு, அதில் 4 சிப்செட்டோடு பேசுவதற்கே போய்விடும். அந்த நான்கும் 4.0 வேகத்தில்தான் ஓடுகின்றன, அதாவது ஒரு திசைக்கு விநாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. சாட்டா (ஹார்ட் டிஸ்க் மாட்டும் இணைப்பு), நெட்வொர்க், வைஃபை, யூஎஸ்பியில் பெரும்பகுதி, சிப்செட்டில் மாட்டிய எம்.2 எல்லாம் இந்த ஒரே பாலத்தைத்தான் கடக்க வேண்டும். கடைக்காரர் என்னிடம், "சார், எக்ஸ்670 எடுத்துக்கோங்க, ரெண்டு சிப் இருக்கு, டபுள் ஸ்பீடு" என்றார். எக்ஸ்670 என்பது பி650க்கு மேல்படி சிப்செட். இரண்டு சிப் இருப்பது உண்மை, பி650இல் இருக்கும் அதே சிப் அதில் இரண்டு. ஆனால் இரண்டாவது முதல் சிப்பின் வாலில் தொங்குகிறது, பிராசசருக்குப் போகும் பாலம் அதே நான்கு லேன்தான். போர்ட்டுகள் கூடும், பாலம் அகலமாகாது. நிறைய டிரைவ் மாட்டுகிறவர்களுக்கு எக்ஸ்670 தேவைப்படும், எனக்குத் தேவைப்படவில்லை, மிச்சமான பணத்தை ரேமில் போட்டேன்.

யூஎஸ்பி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மண்டபத்திலிருந்து வந்ததும் நான் செய்யும் முதல் வேலை கார்டுகளைக் காப்பி செய்வதுதான். இரண்டு கார்டு மாட்டும் ரீடர் வைத்திருக்கிறேன். பழைய கணினியில் நான் பயன்படுத்திய போர்ட் 5 ஜிபிபிஎஸ், இரண்டு கார்டும் சேர்ந்து 400 எம்பி பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இப்போது 10 ஜிபிபிஎஸ் போர்ட், இரண்டு கார்டும் தனித்தனியாக எவ்வளவு வேகம் தருமோ அதே வேகத்தில் ஒன்றாக ஓடுகின்றன. அதே நேரத்தில் பின்னால் ஹார்ட் டிஸ்க்குக்கு பேக்கப்பும் போய்க்கொண்டிருக்கும். இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்பி, கார்டு காலியாகும்வரை கண் விழித்து உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த இருபது நிமிடத்தின் அருமை தெரியும். குறை என்றால் சாட்டா நான்குதான். பழைய போர்டில் ஆறு இருந்தது, அதனால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை வெளியே டாக்கில் போட வேண்டியதாயிற்று.

இனி ரேம். இந்த போர்டின் சாக்கெட்டில், அதாவது பிராசசர் உட்காரும் இடத்தில், டிடிஆர்5 வகை ரேம் மட்டும்தான் ஓடும். முதல் தடவை ஆன் செய்தபோது திரை கருப்பாகவே இருந்தது, போர்டின் ஓரத்தில் டிரேம் என்று எழுதிய குட்டி மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம் ஆயிற்று. ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான சிக்னல் நேரத்தை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருத்திக்கொள்ளும் வேலை அது, மெமரி டிரெயினிங் என்கிறார்கள். அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் என்று பயாஸில் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் முன்பு கண்டுபிடித்த மதிப்புகளையே எடுத்துக்கொண்டு சட்டென்று ஆன் ஆகும். ஆரம்பத்து பயாஸில் அதைப் போட்டபோது இரண்டு தடவை ரெண்டரின் நடுவே கணினி உறைந்தது, எடுத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து வந்த பயாஸில் மறுபடி போட்டேன், இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை, முன்பு ஒரு நிமிடம் பிடித்தது இப்போது இருபது விநாடிக்குள் முடிகிறது.

ரேமில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். முதலில் 16 ஜிபி இரண்டு போட்டிருந்தேன், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்ற பயாஸ் அமைப்பைப் போட்டதும் 6000 வேகத்தில் அருமையாக ஓடியது. இன்னும் இரண்டு வாங்கி நான்கு இடத்தையும் நிரப்பினால் 64 ஆகிவிடும் என்று வாங்கி மாட்டினேன், 6000இல் எழவே இல்லை. நான்கு ஸ்டிக் போட்டால் ரைசன் 7000க்கு அதிகாரபூர்வ வேகமே 3600தான். நான்கையும் விற்றுவிட்டு 32 ஜிபி இரண்டு வாங்கினேன், கையிலிருந்து கொஞ்சம் போயிற்று. போர்டில் நான்கு இடம் இருந்தாலும் இரண்டு ஸ்டிக்குக்கான போர்டாகவே இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சூடு பற்றிப் பலர் கேட்டார்கள். முந்தின தலைமுறை எக்ஸ்570 போர்டுகள் பலவற்றில் சிப்செட்டின் மேலேயே ஒரு குட்டி மின்விசிறி இருந்தது, தூசு அடைத்தால் அதுதான் முதலில் கத்த ஆரம்பிக்கும். பி650 சிப் ஏறத்தாழ 7 வாட்தான் எடுக்கிறது, மேலே ஒரு அலுமினியத் தகடு போதும். ஏசி போடாத மே மாத மதியத்திலும் என் கணினியில் சிப்செட் 65 டிகிரியைத் தாண்டிப் பார்த்ததில்லை.

2025 ஜனவரியில் ரைசன் 7600ஐக் கழற்றிவிட்டு 12 கோர் 9900எக்ஸ் போட்டேன். போர்டு அதே, ரேம் அதே, கூலர் மட்டும் பெரியதாக மாற்றினேன். முதலில் பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தேன், யூபிஎஸ் பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பென்டிரைவைச் செருகினேன். முன்பு ஒரு கணினியில் கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட்டைக் கவனிக்காமல் கூலரை அவசரமாக இழுத்து, பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்து பின்கள் வளைந்த அனுபவம் உண்டு. இந்த சாக்கெட்டில் பின்கள் போர்டு பக்கம், 1718 பின்கள், மேலே இரும்புச் சட்டம் பிராசசரை அழுத்திப் பிடித்திருக்கிறது. கூலர் தனியாக வந்தது. ஆனால் திறந்த சாக்கெட்டுக்குள் ஒரு திருகு விழுந்தால் போர்டே போச்சு, கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வையுங்கள்.

புது பிராசசரோடு ஆன் செய்ததும் எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) மாறியிருக்கிறது, அழிக்கட்டுமா, ஒய் அல்லது என் அழுத்துங்கள் என்று ஒரு திரை வந்தது. இங்கே நிதானம் தேவை. டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தவே கூடாது, டிஸ்க் திறக்காது. நான் முந்தின நாளே பிட்லாக்கரை எடுத்துவிட்டிருந்தேன். எக்ஸ்போ அமைப்பு அழிந்திருந்தது, திரும்பப் போட்டேன். 22 நிமிடம் பிடித்த அதே டைம்லைன் 14 நிமிடத்தில் ரெண்டர் ஆயிற்று.

இப்போது வாங்குகிறவர்களுக்கு: 2025 தொடக்கத்தில் வந்த பி850இலும் இருப்பது இதே சிப்தான், விலை ஒன்றாக இருந்தால் அதை எடுங்கள். பி840 என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதில் சிப்செட்டின் லேன்கள் 3.0 மட்டும். எதை எடுத்தாலும் போர்டின் மேனுவலை முதலில் இறக்கி, எந்த எம்.2 எங்கிருந்து வருகிறது, எதை மாட்டினால் எது அணைகிறது என்ற பக்கத்தைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கழற்றிய 7600ஐத் தம்பிக்குக் கொடுத்தேன், அவன் ஒரு ஏ620 போர்டு வாங்கிப் போட்டான். முதல் நாள் இரவு போன் வந்தது. "அண்ணே, டிஸ்ப்ளேவே வரல, மஞ்சள் லைட்டு மட்டும் எரியுது, ஆஃப் பண்ணிப் போடட்டுமா?"

"தொடாதடா, பத்து நிமிஷம் அப்படியே விடு" என்றேன். ஆறாவது நிமிடத்தில் வந்துவிட்டது.