கவர்மெண்ட் பள்ளிக்கூடமா, மிஷன் பள்ளிக்கூடமா? ஒரே ஊரில் இரண்டு கணக்கு

திருநெல்வேலிச் சீமையில் கொஞ்சம் பெரிய ஊர் எதை எடுத்தாலும் இரண்டு பள்ளிக்கூடம் இருக்கும். ஒன்று அரசு மேல்நிலைப் பள்ளி, வயசானவர்கள் இன்னும் போர்டு ஸ்கூல் என்றுதான் சொல்வார்கள். இன்னொன்று அரசு உதவி பெறும் பள்ளி, அதை மிஷனோ ஒரு சங்கமோ அறக்கட்டளையோ நடத்தும். அஞ்சாம் வகுப்பு முடிகிற பிள்ளை உள்ள வீட்டில் ஏப்ரல், மே மாதம் முழுக்க இதே பேச்சுதான். "மிஷன் பள்ளிக்கூடத்துல ஒழுக்கம் இருக்கு, இங்க என்ன இருக்கு?" என்று ஒரு பக்கம். "சலுகை எல்லாம் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத்தான், எங்க பிள்ளைகள் மட்டும் என்ன பணக்காரங்களா?" என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் தாங்கள்தான் ஏமாற்றப்படுகிறோம் என்று நம்புகிறார்கள். எனக்கு இரண்டு பள்ளியிலும் படிக்கிற பிள்ளைகள் சொந்தத்திலேயே உண்டு, அதனால் இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். உதவி பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் இருக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம் இல்லை, அரசுதான். பாடநூல், சைக்கிள், பஸ் பாஸ், மதியச் சத்துணவு எல்லாம் இரண்டுக்கும் உண்டு. ஆக இரண்டுமே நம் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிதான். மிஷன் பள்ளியைத் தனியார் பள்ளி போலவும் அரசுப் பள்ளியைத் தர்மத்துக்கு நடப்பது போலவும் பேசுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

சரி, கட்டடம். உதவி பெறும் பள்ளி என்றால் பெரிய மைதானம், வேப்பமரம், ஓங்கிய பழைய கட்டடம் என்று ஒரு மதிப்பு. அந்த மதிப்புக்கு வரலாறும் காரணம். 1820 இல் ரேனியஸ் என்ற மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்த காலத்திலிருந்து மிஷன்காரர்கள் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார்கள், பெண்பிள்ளைகளை எழுத்துக்கூட்ட வைத்தார்கள், அந்த நன்றி இந்த மண்ணில் இன்னும் இருக்கிறது. ஆனால் சம்பளம் கொடுக்கும் அரசு அங்கே கட்டடம் கட்டித் தருவதில்லை, அது நிர்வாகத்தின் பொறுப்பு. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனதை நாம் யாரும் மறக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். அரசுப் பள்ளிக்கு நபார்டு வங்கிக் கடன், 2022இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று ஏதாவது ஒரு வழியில் பணம் வருகிறது, மெதுவாக வந்தாலும் வருகிறது. கம்பீரமான கேட்டைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் கொஞ்சம் உள்ளே போய்க் கழிவறையையும் பார்த்துவிட்டு வரட்டும்.

ஆசிரியர் விஷயம் இதைவிடச் சிக்கல். அரசுப் பள்ளியில் இடமாறுதல் கலந்தாய்வு நடந்தால் வாத்தியார் மாறிப்போவார். வட மாவட்டங்களில் வேலை கிடைத்தவர்கள் தெற்கே வரத் தவம் இருப்பதால் நம் பக்கத்துக் காலியிடங்கள் அங்கே போல நீளுவதில்லை, அது நமக்கு ஒரு நல்லது. அப்படியும் காலி விழுந்தால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் வருவார், நிரந்தரமானவர் வாங்குவதில் சின்னப் பங்குதான் அவருக்குச் சம்பளம். உதவி பெறும் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த சார்வாள் பெரும்பாலும் அங்கேயே ஓய்வு பெறுவார். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே கணக்கு வாத்தியார் என்பதெல்லாம் அங்கே சாதாரணம். பிள்ளையின் வீடு, அப்பா குடிக்கிறாரா, அம்மா பீடி சுற்றுகிறாரா, எல்லாம் அவருக்குத் தெரியும். அது பெரிய பலம். ஆனால் அவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பத் துறையின் அனுமதி வேண்டும், மாணவர் எண்ணிக்கைக்கு மேல் மிஞ்சிய உபரி ஆசிரியர் வேறு எங்காவது இருந்தால் அதில் சிக்கல், சில சமயம் வழக்கு. இடம் வருஷக்கணக்கில் காலியாகவே கிடக்கும். கூடவே அங்கே சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு இருக்கும், அதில் பாடம் நடத்துகிறவர்களுக்கு நிர்வாகம் கொடுப்பது சொற்பம். உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் சேர்கிறான், யார் நடத்தப் போகிறார் என்று கேட்காமல் "எய்டட் ஸ்கூல்" என்ற பேரை நம்பிச் சேர்ப்பது சரியில்லை.

இன்னொன்று, பணியிடம் எல்லாம் ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயம். நாம் "அந்தப் பள்ளிக்கூடம் சரியில்லை" என்று டீக்கடையில் பேசுகிறோம், பத்து வீடு மாற்றிச் சேர்க்கிறது, எண்ணிக்கை குறைகிறது, ஓர் ஆசிரியர் உபரியாகிப் பணிநிரவலில், அதாவது ஆள் தேவைப்படும் வேறு பள்ளிக்கு, போகிறார், அடுத்த வருஷம் உண்மையாகவே அந்தப் பள்ளி சரியில்லாமல் போகிறது.

இனி ரிசல்ட். இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று மிஷன் பள்ளி வாசலில் பேனர், நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அரசுப் பள்ளியில் நாலைந்து பேர் தவறியிருப்பார்கள், ஊர் முழுக்க அதுதான் பேச்சு. யாரைச் சேர்த்தார்கள், யாரை அனுப்பினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் தட்டுத்தடுமாறும் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு "வேற பள்ளிக்கூடம் பாருங்க" என்று பக்குவமாகச் சொல்லி டி.சி. கொடுத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. எங்கள் சொந்தத்திலேயே ஒரு பிள்ளைக்கு நடந்தது. பதினொன்றாம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப்புக்கு மார்க் பார்த்து வடிகட்டுவார்கள். அப்படி வெளியே வரும் பிள்ளை எங்கே போவான்? அரசுப் பள்ளிக்குத்தான். செங்கல் சூளையிலிருந்து திரும்பி வரும் குடும்பத்துப் பிள்ளை, நடுவில் நின்றுபோன பிள்ளை, எல்லாரையும் அரசுப் பள்ளி வாங்கிக்கொள்கிறது, வாங்கித்தான் ஆக வேண்டும். தண்ணியை மேலே தெளிந்தது வரை ஒருத்தர் மொண்டுகொண்டு, கலங்கினதை மற்றவர் குடத்தில் ஊற்றிவிட்டு, யார் குடம் சுத்தம் என்று போட்டி வைப்பது நியாயமா? இதில் அரசையும் சொல்லாமல் விட முடியாது. மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளி என்று தொடங்கி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி உறைவிடத்தோடு படிக்க வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதுதான், ஆனால் அவர்கள் விட்டுப்போன அரசுப் பள்ளியின் ரிசல்ட் இன்னும் கீழே போகிறது.

அடுத்தது ஏழரை சதவீதம். இங்கே உதவி பெறும் பள்ளிக்காரர்களின் மனக்குறையில் எனக்குப் பாதிக்கு மேல் உடன்பாடு. 2020 சட்டப்படி, நீட் எழுதித் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்துச் சுமார் 400 இடம். அதற்கு முன் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது வந்தது, அதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இது பெரிய காரியம், ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றுகிற காரியம். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்களையும் சேர்க்க வேண்டும் என்று உதவி பெறும் பள்ளித் தரப்பு உயர்நீதிமன்றம் வரை போனது, 2022 ஏப்ரலில் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பு வந்தது, அவர்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரே தெருவில் பீடி சுற்றுகிற இரண்டு வீடு. ஒரு வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளி, இன்னொன்று நடந்து போகிற தூரத்தில் மிஷன் பள்ளி, தமிழ்வழி. இரண்டு பேரும் ஒரே பாடநூல் படித்து ஒரே மார்க் எடுத்தாலும், பத்து வயசில் பெற்றோர் எடுத்த ஒரு முடிவுக்காக ஒருத்திக்குக் கதவு திறக்கிறது, இன்னொருத்திக்கு இல்லை. மற்ற திட்டங்களில் அரசு மெல்ல மெல்ல இந்த வித்தியாசத்தைச் சரிசெய்திருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் 2022இல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு என்றுதான் தொடங்கியது, 2024இல் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் தொடங்கும்போதே இரண்டு தரப்பையும் சேர்த்துக்கொண்டது. காலை உணவும் 2022இல் அரசு தொடக்கப் பள்ளியில் ஆரம்பித்து, 2024இல் ஊரக உதவி பெறும் பள்ளி, 2025இல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளி என்று வந்து சேர்ந்தது. பசிக்கு இரண்டு பள்ளியும் ஒன்று என்று ஒத்துக்கொண்டாகிவிட்டது. மருத்துவ இடத்துக்கும் உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழி ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பங்கு கொடுக்கலாம், அரசுப் பள்ளியின் 7.5இல் கை வைக்காமல். அதற்கு ஈடாக உதவி பெறும் பள்ளிகளும் வருகிற பிள்ளையை வடிகட்டாமல் சேர்க்க வேண்டும், ஒன்பதாம் வகுப்பில் டி.சி. கொடுத்து அனுப்புவதை நிறுத்த வேண்டும். சலுகையில் சமம் கேட்கிறவர்கள் சுமையிலும் சமம் ஏற்கட்டும்.

சாதியைப் பேசாமல் நம் பக்கத்துப் பள்ளிகளைப் பேசினால் அது பொய். "அது அவங்க பள்ளிக்கூடம்" என்று பெற்றோர் சொல்லும்போது மார்க்கைப் பற்றிப் பேசவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறு கையில் கட்டக் கூடாது என்பதோடு, அந்தந்தப் பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரைத் தலைமையாசிரியராக வைக்கக் கூடாது என்றும் அதில் சொன்னார்கள். அரசுப் பள்ளியில் இதைச் செய்ய ஓர் இடமாற்ற ஆணை போதும். உதவி பெறும் பள்ளியில் நிர்வாகமும் ஆசிரியரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தால் யாரை எங்கே மாற்றுவது? அங்கே புகார் சொல்லத் தாளாளர் அறை வாசலில் நிற்க வேண்டும். அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவரே ஒரு பெற்றோர்தான். அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் குறைவு என்பது நம் தப்பு.

என்னைக் கேட்டால், ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி என்பேன், அங்கே பாட ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று நேரில் போய் விசாரித்துவிட்டு. மிஷன் பள்ளிதான் பக்கம், அங்கே நல்ல வாத்தியார்கள் இருக்கிறார்கள், பெண்பிள்ளை பஸ் ஏற வேண்டியதில்லை என்றால் தயங்காமல் அங்கே தமிழ்வழியில் சேருங்கள், கல்லூரிக்குப் போகும்போது மாதம் ஆயிரம் ரூபாயாவது தப்பாது. மருத்துவம், பொறியியல் என்று மனசில் ஆசை வைத்திருந்தால் மட்டும் டி.சி. வாங்குவதற்கு முன் ஏழரை சதவீதக் கணக்கைப் பாருங்கள், பதினொன்றாம் வகுப்பில் மாற்றிச் சேர்த்தால் அது கிடைக்காது.